சேற்றுக்கு ஏற்ற பலகை, வண்டிக்கு ஏற்ற மண்

தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் அதன் சாய்வைப் பார்க்கிறார்கள். அது எதன்மேல் நிற்கிறது என்று யோசிப்பவர்கள் குறைவு. 1885ல் லியோங் சூன் சோங் என்ற சீனக் கட்டட ஒப்பந்தக்காரர் எழுப்பியது அது. உச்சியில் மணிக்கூடு, உள்ளே ஊருக்கான தண்ணீர்த் தொட்டி, உயரம் 25 மீட்டருக்குச் சற்று அதிகம். தண்ணீரின் பாரமும் அடியில் இருந்த இளகிய மண்ணும் சேர்ந்து அதை ஒரு பக்கமாக இறக்கிவிட்டன. கீழ்ப்பேராக் மண் எவ்வளவு தாங்கும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை. அங்கிருந்து ஊத்தான் மெலிந்தாங் வழியாகக் கடலை நோக்கிப் போகப் போக மண் இன்னும் இளகுகிறது. பாகான் டத்தோவின் விளிம்பில் நிலம் எங்கே முடிகிறது, சேறு எங்கே தொடங்குகிறது என்பதைக் கடலின் ஏற்றமும் வற்றமும் அன்றாடம் மாற்றி எழுதுகின்றன. இந்த மண்ணின்மேல் பாரத்தை எப்படி நகர்த்துவது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. மண்ணைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுப்பது ஒன்று. கையில் உள்ள கருவிக்குத் தோதாக மண்ணையே மாற்றிவிடுவது மற்றொன்று. தோட்டங்களின் வரலாற்றை எழுதியவர்கள் இரண்டாவதை மட்டுமே முன்னேற்றக் கணக்கில் சேர்த்தார்கள். முதல் விடை ஒருநாளும் வழக்கொழியவில்லை என்பதும், இரண்டாவதன் செலவு கட்டுப்படியாகாத இடத்திலெல்லாம் அதுவே திரும்பி வந்தது என்பதும் என் கட்சி. இதற்கு ஒரு சாட்சியைப் பனி பெய்யும் நாடுகளிலிருந்து அழைக்கப்போகிறேன். வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் பனிச்சறுக்குப் பலகையின் வரலாறு இதே வழக்கை இன்னும் தெளிவாகப் பேசுகிறது.

முதலில் நிலம். வடக்கே பேராக் ஆறும் தெற்கே பெர்னாம் ஆறும் கடலில் கலக்க, இரண்டுக்கும் நடுவே தட்டையாக நீண்டு கிடக்கிறது பாகான் டத்தோ. 2017ல்தான் அது பேராக்கின் பன்னிரண்டாவது மாவட்டமாகத் தனியே பிரிந்தது. இதன் மண் இந்த இடத்துக்கே உரியது என்று சொல்ல முடியாது. மலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் இது. ஈப்போவைச் சுற்றியிருந்த ஈயச் சுரங்கங்கள் கழுவி விட்ட மண்ணும் கிந்தா ஆற்றோடு சேர்ந்து கீழே வந்தது. பேராக் ஆற்றின் முகத்துவாரத்தில் பெத்திங் பெராஸ் பாசா என்று ஒரு மணல்திட்டு உண்டு. 1528ல் தொடங்குவதாகச் சொல்லப்படும் பேராக் சுல்தான் பரம்பரையின் முதல் அரசர் இங்கேதான் கரையிறங்கினார் என்பது மரபு. அரசர் பட்டமேற்கும்போது அத்திட்டில் கால்வைக்கும் சடங்கும் அதனால் உண்டு. கடல் வற்றினால் தெரியும், ஏறினால் மறையும் திட்டின்மேல் ஓர் அரசுரிமை காலூன்றியிருக்கிறது. மணல்திட்டு மனிதனைத் தாங்கும். அதற்கு இப்பால் பாக்காவ் என்னும் அலையாத்தி மரங்களின் அடியிலுள்ள சேறு தாங்காது. அதற்கும் இப்பால் உள்ள களிமண், வெயில் காலத்தில் வண்டியைத் தாங்கும், மழைக் காலத்தில் மாட்டைக்கூடத் தாங்காது. ஒரே ஊருக்குள் இத்தனை வகைத் தரை. பனிமலைக்காரனும் இதையேதான் சொல்வான்: நேற்று விழுந்த பஞ்சுப் பனி, வெயிலில் இளகி இரவில் உறைந்த பனி, இயந்திரம் அழுத்திச் சமன்செய்த பனி, வசந்தகாலத்துச் சகதிப் பனி எல்லாம் அவனுக்கு வேறு வேறு தரைகள்.

மலைச்சரிவில் இறங்குவதற்கு ஸ்கீ வாங்கப் போகிறவன் முதலில் பார்ப்பது பலகையின் நடுப்பகுதி எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பதை. சமன்செய்த கெட்டிப் பனிக்கு 85 மில்லிமீட்டருக்குள். எல்லாம் கலந்து கிடக்கும் மலைக்கு 85 முதல் 100 வரை. ஆழமான புதுப்பனிக்கு அதற்கும் மேல். 110, 120 என்றும் போகும். அடுத்து, நடு மேலெழுந்து நுனிகள் தரையைத் தொடும் வில்வளைவா, நுனிகள் முன்கூட்டியே மேல்நோக்கி வளைந்த தோணிவளைவா என்ற கேள்வி. அதன் பிறகு நீளம், விறைப்பு, பக்க வெட்டின் ஆரம். இவ்வளவுக்கும் அடியில் இருப்பது பரப்பின்மேல் பாரத்தைப் பங்கிடும் கணக்கு. 165 சென்டிமீட்டர் நீளமும் ஏழு சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு ஜோடி பலகையின் பரப்பு ஏறக்குறைய 2,300 சதுர சென்டிமீட்டர். 190 நீளமும் 12 அகலமும் கொண்ட ஜோடிக்கு அது 4,500ஐத் தாண்டும். அதே ஆள், அதே எடை. பனியின்மேல் விழும் அழுத்தம் பாதியாகிவிடுகிறது. புதுப்பனியில் அந்தப் பாதிதான் மிதப்பதற்கும் புதைவதற்கும் உள்ள வேறுபாடு. கண்ணாடிபோல் உறைந்த சரிவில் கதை தலைகீழாகும். அங்கே புதைவோம் என்ற அச்சம் இல்லை, வழுக்குவோம் என்ற அச்சம்தான். ஆகவே பாரத்தை ஓர் இழை விளிம்பில் குவிக்க வேண்டும். சால்ஸ்பர்க்கைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர் 1926ல் பலகையின் விளிம்பில் எஃகுத் தகடு பதித்துக் காப்புரிமை பெற்றது இதற்காகத்தான். மென்மையான தரைக்கு அகலம், கெட்டியான தரைக்கு விளிம்பு. இந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு பாகான் டத்தோவுக்குத் திரும்பலாம்.

மலாக்கா நீரிணையின் சேற்றுக் கரைகளுக்கென்றே ஒரு பலகை உண்டு. ஜொகூரிலும் எதிர்க்கரையான ரியாவிலும் வாழும் டுவானோ மக்கள் கடல் வற்றியதும் சேற்றில் கெராங் என்னும் சிப்பி பொறுக்கப் போவது இதன்மேல்தான். தொங்கா என்பது பெயர். ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், முன்நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். ஒரு முழங்காலைப் பலகையில் மடக்கி ஊன்றி, மற்றக் காலால் சேற்றை உந்தி உந்திப் போவார்கள். பொறுக்கிய சிப்பி பலகையின்மேலேயே சேரும். வெறுங்காலோடு இறங்கினால் ஒற்றைப் பாதத்தின் இருநூறு சதுர சென்டிமீட்டரில் மொத்த உடம்பும் அழுந்தி முழங்கால்வரை, சில இடத்தில் இடுப்புவரை போகும். பலகையின்மேல் அதே பாரம் பத்தாயிரம் சதுர சென்டிமீட்டரில் பரவுகிறது. ஜப்பானின் அரியாகே கடலோரச் சேற்றில் மீன் பிடிப்பவர்களிடமும் இதே பலகை உண்டு. அங்கே அதை வெளிப்படையாகவே சேற்று ஸ்கீ என்கிறார்கள், காஷிமா நகரத்தில் 1985 முதல் அதைக் கொண்டு விளையாட்டுப் போட்டியும் நடக்கிறது. பிரான்சின் மேற்குக் கரையில் சிப்பி வளர்ப்பவர்கள் பயன்படுத்திய தட்டைப் பெட்டித் தோணியும் ஒரு காலால் உந்திப் போவதே. 1235ல் கரையொதுங்கிய ஓர் ஐரிஷ்காரர் அதைக் கண்டுபிடித்தார் என்று அங்கே கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, ஒருவரையொருவர் பார்த்திராத மூன்று கரைகளில் ஒரே வடிவம் பிறந்திருக்கிறது. யாரும் யாரிடமும் கற்றிருக்க வேண்டியதில்லை, சேறே கற்றுக்கொடுத்துவிடும்.

பனியிலும் இப்படித்தான் நடந்தது. நார்வே, சுவீடன் காட்டுப்பகுதிகளின் பழைய ஸ்கீ ஜோடிகளில் இரண்டு பலகையும் ஒரே அளவாக இருக்காது. ஒரு காலுக்கு நீண்ட வழுக்குப் பலகை. மறுகாலுக்குக் குட்டையான, அடியில் தோல் ஒட்டிய உந்துபலகை. ஒரு கால் மிதக்க ஒரு கால் தள்ளும் அதே ஏற்பாடு, தொங்காவில் பார்த்தது. மேடுபள்ளம் குறைந்த காட்டில் நெடுந்தூரம் போக வேண்டிய வேட்டைக்காரனுக்கு அது பொருத்தம். ஆல்ப்ஸ் மலைக்கு அது எடுபடவில்லை. நார்வே ஆய்வுப்பயணி நான்சென் 1888ல் கிரீன்லாந்தை ஸ்கீயில் கடந்த கதையைப் படித்துவிட்டு, ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்டில் வாழ்ந்த மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி என்பவர் நார்வேயிலிருந்து ஒரு ஜோடி வரவழைத்தார். கிட்டத்தட்ட மூன்று மீட்டர் நீளம். அவர் வீட்டைச் சுற்றியிருந்த செங்குத்தான காட்டுச் சரிவில் அதைத் திருப்பவே முடியவில்லை. ஆண்டுக்கணக்கில் வெட்டியும் மாற்றியும் பார்த்து, 180 சென்டிமீட்டருக்குக் குறைத்து, பாதத்தைப் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் உலோகக் கட்டு ஒன்றையும் அமைத்து, 1896ல் புத்தகமாக எழுதினார். நார்வே முறையே முறை என்றிருந்தவர்கள் அவரைக் கேலி செய்தார்கள். வாக்குவாதம் பத்தாண்டு ஓடியது. இரு தரப்பும் தங்கள் மலைக்குச் சரியானதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஆனால் எல்லா மலைக்கும் என்று சொன்னார்கள். பலகைகளின் வரலாற்றில் பெரும்பாலான சண்டைகள் இந்த ரகம்.

இனி பாகான் டத்தோவின் தோட்டக்காரனுக்கு இருந்த சிக்கலைப் பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் பேராக்கின் உள்நாடு முழுவதும் கித்தாக் காடாக மாறிக்கொண்டிருந்தபோது, இந்தக் கடலோரக் களிமண் தென்னைக்கு ஒதுங்கியது. கித்தா மரத்திலிருந்து ஒரு நாளைக்குக் கிடைக்கும் பாலை ஒருவர் இரண்டு வாளியில் காண்டா போட்டுச் சுமந்துவிடலாம். தேங்காய் அப்படியல்ல. முப்பது அடிக்கு ஒரு மரம் வைத்தால் ஏக்கருக்கு 48 மரம் வரும். மரத்துக்கு ஆண்டுக்கு ஐம்பது காய் என்று அடக்கமாகவே வைத்துக்கொண்டாலும் 2,400 காய். மட்டையோடு ஒரு காய் ஒன்றரைக் கிலோ என்றால் மூன்றரை டன்னுக்கு மேல். ஆயிரம் ஏக்கர் தோட்டத்தில் ஆண்டுக்கு 3,600 டன் பாரம் மழையில் கரையும் களிமண்ணைக் கடந்து கொப்பரைக் கொட்டகைக்குப் போய்ச் சேர வேண்டும். அதைக் கொப்பரையாக உலர்த்தினால் ஏறக்குறைய 5,000 காய்க்கு ஒரு டன் என்று சுருங்கிவிடும். சுருங்குவதற்கு முன்னால் உள்ள பயணம்தான் கடினம். தோப்பிலேயே பாரையை நட்டுக் காயை உரித்து, மட்டையை மரத்தடியிலேயே விட்டுவிட்டு வருவது பாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைக்கும் வழி. அதற்குப் பிறகும் மீதி இருந்தது. இரும்புப் பட்டா போட்ட மாட்டுவண்டி தமிழகத்தின் செம்மண் சாலைக்குப் பிறந்த வண்டி. அதன் சக்கரம் தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அகலம்கூட இல்லை. உறைபனியில் எஃகு விளிம்பு செய்யும் வேலையை அது களிமண்ணில் செய்யும்: வெட்டிக்கொண்டு உள்ளே போகும்.

இந்தத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களுக்குச் சேறு புதிதல்ல. தஞ்சை, திருச்சி ஆற்றுப்பாசனப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் நாற்று நடுமுன் வயலில் பரம்படித்தவர்கள். உழுது தொழி கலக்கிய வயலில் மாடு இழுக்க, ஒருவர் பலகைமேல் ஏறி நின்று ஓட்ட, அது சேற்றைச் சமன்செய்துகொண்டே வழுக்கிப் போகும். கீழே இறங்கினால் முழங்கால்வரை புதைகிறவர் பலகைமேல் நின்றால் புதையாமல் போவார். மலாய்க்காரரின் நெல்வயல்களிலும் எருமை இழுக்கும் சக்கரமில்லாச் சறுக்குச் சட்டங்களில் நெல் மூட்டை வெளியே வந்தது. அறிவு இரண்டு பக்கமும் இருந்தது. ஆனாலும் தோட்டம் அந்த வழியை நம்பவில்லை. சறுக்குச் சட்டத்தில் ஓர் எருமை ஒரு நாளைக்கு நகர்த்தும் பாரம் ஒரு குடும்பத்தின் விளைச்சலுக்குப் போதும். லண்டனில் பங்கு விற்கும் கம்பெனிக்குப் போதாது. ஆகவே கம்பெனி மண்ணை மாற்றியது.

அந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைய பாகான் டத்தோ அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. முதலில் கடல் பக்கம் நெடுக ஒரு மண் அணை. அதற்கு உள்ளே மரவரிசைகளுக்கு நடுவே சிறு வாய்க்கால்கள். அவை கூடிச் சேரும் வாய்க்கால். அதுவும் போய் விழும் பெரிய பாரிட். பாரிட் அணையைத் துளைத்து வெளியேறும் இடத்தில் ஒரு மதகு. மதகின் வெளிமுகத்தில் மேல்விளிம்பில் கீல்வைத்துத் தொங்கவிட்ட கனமான கதவு. கடல் வற்றும்போது உள்ளே தேங்கிய நீரின் உயரம் அதிகம். அது கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே ஓடும். கடல் ஏறும்போது வெளிநீர் கதவை அழுத்தி மூடிவிடும். ஆள் வேண்டாம், எரிபொருள் வேண்டாம், கடலே கடலைக் காவல் காக்கும். ஆனால் கதவிடுக்கில் ஒரு மட்டை சிக்கினால் போதும், அடுத்த ஏற்றத்தில் உப்புநீர் தோப்புக்குள் வந்துவிடும். வாய்க்கால்கள் மாதக்கணக்கில் தூர்ந்துகொண்டேயிருக்கும். பெரிய வெட்டு வேலையில் சீன ஒப்பந்தக் கூலிகளும் ஜாவாக்காரரும் பஞ்சார் மக்களும் முன்னின்றார்கள். ஆண்டு முழுவதும் தூர்வாரி, கரை கட்டி, புல் வெட்டிக் காத்தவர்களில் தமிழர் பெருந்தொகை. 1907ல் ஏற்பட்ட குடியேற்ற நிதியின் வழியாகவும் கங்காணி வழியாகவும் வந்தவர்கள் இவர்கள். 1938ல் இந்திய அரசு அந்த வழியை அடைக்கும்வரை வந்துகொண்டேயிருந்தார்கள். சங்கிலி நீளத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்த வாய்க்கால் வேலையை இடுப்புவரை சேற்றில் நின்றுதான் செய்ய வேண்டும். வண்டி புதையாமலிருக்க மனிதன் புதைந்தான் என்பதே இந்த இரண்டாம் விடையின் நேர்க்கணக்கு.

மண்ணை மாற்றிய பிறகும் அது ஒரே தரையாகிவிடவில்லை. அணைமேட்டில் வெட்டிப்போட்ட களிமண் காய்ந்து இறுகியதும் காளைவண்டி அங்கே ஓடியது. மரவரிசைக்குள் ஈரம் மாறாத இடத்தில் எருமைதான் ஏறும். அதன் அகன்ற குளம்பு விரிந்து பாரத்தைப் பங்கிடும். வாய்க்காலோ இரண்டு வேலை பார்த்தது: நீரை வடித்தது, காயையும் சுமந்தது. தேங்காய் மிதக்கும் பண்டம். இந்தக் கடலோரத்தில் பாரிட்டில் தள்ளிவிட்ட காய்கள் மந்தையாக மிதந்து கொட்டகைக்குப் போயின. தரையே இல்லாத பாதை அது. வடிகாலுக்கென்று வெட்டியதை மிதவைக்கும் பயன்படுத்திக்கொண்ட இடத்தில், மண்ணை மாற்றியவர்களின் வேலைக்குள்ளேயே மண்ணுக்கேற்ற கருவி நுழைந்துவிட்டது. தோட்டங்கள் நாடிய மிகத் திட்டமான விடை குறுகிய இருப்புப்பாதை. பாங்காக்கில் டிராம், மின்சாரக் கம்பெனிகளில் பணியாற்றிய டேனிஷ் பொறியாளர் ஆகே வெஸ்டென்ஹோல்ஸ் 1906ல் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஜெண்டராட்டா தோட்டத்தைத் தொடங்கினார்; இன்றைய யுனைடெட் பிளான்டேஷன்ஸ் அதிலிருந்து வளர்ந்தது. அந்தக் கம்பெனியின் தோட்டங்களில் இன்றும் செம்பனைக் குலைகள் சின்ன ரயில் பெட்டிகளில்தான் ஆலைக்குப் போகின்றன. இருப்புப்பாதையைக் கவனித்துப் பாருங்கள். சக்கரம் குறுகலான இரும்பு. ஓடுவதும் குறுகலான இரும்பின்மேல். ஆனால் அந்த இரும்பு குறுக்குக் கட்டைகளின்மேல் கிடக்கிறது. கட்டைகள் பாரத்தைச் சேற்றின்மேல் அகலப் பரப்புகின்றன. மேலே எஃகு விளிம்பு, கீழே தொங்காப் பலகை. மண்ணை வென்ற இயந்திரம் என்று பெருமையாகக் காட்டப்பட்டதன் அடியில் பழைய பலகைதான் படுத்திருக்கிறது.

கெட்டித் தரையை மட்டும் பாதை என்று எண்ணுவது எவ்வளவு ஆபத்து என்பதைப் போர் காட்டியது. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கம்பாரில் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் பெருஞ்சாலையை உறுதியாகப் பிடித்து நின்றன. ஜப்பானியர் ஒரு பிரிவைப் படகுகளில் ஏற்றி, தெலுக் ஆன்சன் என்று அப்போது அழைக்கப்பட்ட தெலுக் இந்தானிலும் ஊத்தான் மெலிந்தாங்கிலும் இறக்கினார்கள். பின்புறம் அறுபடும் என்றானதும் கம்பாரை விட்டுப் பின்வாங்க வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு தடை எழும். மண்ணை மாற்றிய வழி வென்றுதானே இருக்கிறது? நூறாண்டுக்கு மேலாகத் தென்னை காய்த்தது. 1970களிலும் 80களிலும் தென்னைக்கு அடியில் கொக்கோ செழித்தது. பிறகு செம்பனை வந்தது. சாலை, பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் அணைக்கு உள்ளேதான். தொங்காப் பலகையில் யாரும் ஊர் கட்டவில்லை. இது நியாயமான தடை. பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். மறுபாதிக்கு மண்ணே பதில் சொல்கிறது. கடலோரக் களிமண்ணில் பல இடங்களில் அடியடுக்கில் இரும்புக் கந்தகக் கனிமம் உண்டு. நீருக்கு அடியில் இருக்கும்வரை அது சாது. வடிகாலை ஆழமாக வெட்டிக் காற்றுப் படவிட்டால் கந்தக அமிலமாக மாறும். மண்ணில் வெளிர்மஞ்சள் கோடுகள் ஓடும், வாய்க்கால் நீர் துருப்பிடித்துச் சிவக்கும், மரம் சோரும். நீரை வடித்தால் நல்லது என்றால் மேலும் வடித்தால் மேலும் நல்லது என்று நினைத்த தோட்டங்கள் பிற்பாடு மதகில் பலகை செருகி நீர்மட்டத்தை மறுபடி உயர்த்தின. உள்ளே தெலுக் இந்தான் பக்கத்துப் பீட் நிலத்தில் நீரை வடித்தால் நிலமே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தாழ்கிறது. அங்கே செம்பனைகள் மணிக்கூண்டைப் போலச் சாய்ந்து நிற்பது வழக்கமான காட்சி. கடல் பக்கத்திலோ பெருங்கடலேற்ற நாட்களில் அணை உடைந்து உப்புநீர் புகுந்து தென்னைகள் மொட்டையாவது பாகான் டத்தோவில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. மாற்றிய மண்ணை மாறாமல் காப்பது ஒருமுறை வேலையல்ல, தினச் சம்பளம் கேட்கிற வேலை.

பனிமலையும் இதே பாதையில் போய்த் திரும்பியது. 1950ல் அமெரிக்காவில் அழுத்தக் காற்றையும் நீரையும் சேர்த்துத் தூவிச் செயற்கைப் பனி செய்யும் துப்பாக்கி வந்தது. அதே பத்தாண்டில் சரிவை உருட்டிச் சமன்செய்யும் கருவிகளும் வந்தன. மலை முழுவதும் ஒரே கெட்டித் தரையானதும் பலகைகளும் ஒரே மாதிரியாயின: நீளம், ஒல்லி, விறைப்பு, நடு அகலம் 65 மில்லிமீட்டர் சுற்றுவட்டாரம். முன்னர் ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் தனியாக இருந்த வடிவங்கள் அருங்காட்சியகம் போயின. ஆனால் சமன்செய்த சரிவுக்கு வெளியே பனி பழைய பனியாகவே இருந்தது. 1980களின் கடைசியில் ஆஸ்திரியாவின் அட்டாமிக் நிறுவனத்தில் ரூபர்ட் ஹூபர் ஒரு ஸ்னோபோர்டை நெடுக்காக அறுத்து இரண்டு காலுக்கும் பூட்டிப் பார்த்ததிலிருந்து கொழுத்த ஸ்கீ பிறந்தது. முதலில் அது வயதானவர்களுக்கும் சறுக்க வராதவர்களுக்கும் ஊன்றுகோல் என்று சிரித்தார்கள். 1993ல் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் இடுப்பு ஒடுங்கிய பலகையைக் கொண்டுவந்தது. அது கெட்டிப் பனிக்கு. சறுக்குவீரர் ஷேன் மெக்காங்கி தண்ணீர்ச் சறுக்குப் பலகையையே பனிமலையில் பூட்டிப் பார்த்து, ஆழ்பனி தரையைவிடத் தண்ணீருக்கு நெருக்கமானது என்று தெளிந்தார்; அவர் யோசனையில் நடு தாழ்ந்து நுனிகள் உயர்ந்த, தோணிபோன்ற பலகை 2002ல் விற்பனைக்கு வந்தது. இன்று ஒரே கடையில் 68 மில்லிமீட்டரும் 118 மில்லிமீட்டரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மண்ணைச் சமன்செய்யும் யுகம் முடிந்தது என்று இதற்குப் பொருளில்லை. இயந்திரம் ஒவ்வொரு இரவும் ஓடத்தான் செய்கிறது. அதன் எல்லை எது என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டாவது தடை இன்னும் கூர்மையானது. பனிமலையில் தேர்ந்தெடுப்பவன் காசு கொடுத்து விளையாட வந்தவன். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் பனியே விழாத மலேசியாவிலிருந்து ஜெஃப்ரி வெப் மலைச்சரிவுப் போட்டியில் இறங்கினாரே, அவர் தன் பலகையைத் தானே தேர்ந்தெடுத்திருப்பார். தோட்டத்துத் தமிழனுக்கு யார் தேர்வு கொடுத்தது? வண்டியா, ரயிலா, எருமையா என்பது துரை பங்களாவில் முடிவானது, கிராணி கணக்கெழுதினார், பிரட்டுக்களத்தில் நின்றவர் கேட்டுக்கொண்டார். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது உழைப்பை விளையாட்டாக்குவது ஆகாதா? ஸ்கீ நெடுங்காலம் வேட்டைக்கும் விறகுக்குமான கருவியாக இருந்தது, விளையாட்டானது அண்மையில்தான் என்று சொல்லித் தப்பிக்கலாம், அது உண்மையும்கூட. ஆனால் தடையின் வேரை அது தொடாது. தேர்வு மேலிருந்து வந்தது என்பதை மறுக்க முடியாது. அப்படி வந்த தேர்வுகள்தான் தவறின என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செம்மண் சாலை வண்டியைக் களிமண்ணில் இறக்கியதும், வடிகாலை அளவுமீறி ஆழப்படுத்தியதும் தரையில் நிற்காதவர்கள் எடுத்த முடிவுகள். எந்த மழைக்குப் பிறகு எந்த வரிசையில் மாட்டை விடக்கூடாது, கடல் எப்போது திரும்பும், எந்த வாய்க்காலில் காய் தடைபடாமல் மிதக்கும் என்பதையெல்லாம் நாள்தோறும் தீர்மானித்தவர் வண்டிக்காரரும் வாய்க்கால்காரரும்தான். அந்தத் தீர்மானங்களுக்குக் கணக்குப் புத்தகத்தில் பத்தி இல்லை, சம்பளத்திலும் இடமில்லை.

கருவி எதுவானாலும் கைத்திறன்தான் முக்கியம் என்பவர்களும் உண்டு. நல்ல சறுக்குவீரன் எந்தப் பலகையிலும் இறங்குவான், நல்ல வண்டிக்காரன் எந்தச் சேற்றிலும் ஓட்டுவான் என்பார்கள். திறன் ஒரு தவறான கருவியைக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போகும். எவ்வளவு தூரம் என்பதில்தான் செலவு இருக்கிறது. ஒல்லிப் பலகையில் ஆழ்பனியில் இறங்கக் கற்றவர்கள் இருந்தார்கள். பத்தாண்டுப் பயிற்சி கேட்டது அது. கொழுத்த பலகை அதையே பத்து நாளில் சாதாரண ஆளுக்கும் கொடுத்தது. அப்படியானால் முன்னவர்கள் பயிற்சியில் பெரும்பகுதி பனியோடு மல்லுக்கட்டக் கற்றதல்ல, பொருந்தாத பலகையோடு மல்லுக்கட்டக் கற்றது.

இன்றைய செம்பனைத் தோட்டங்களில் குலை வெளியேற்ற வரும் சின்ன டிராக்டர்களைப் பார்த்தால் வழக்கு எங்கே வந்து நிற்கிறது என்று தெரியும். களிமண் தோட்டத்துக்கு வரும் வண்டியின் டயர் அகலமாகவும் காற்றழுத்தம் குறைவாகவும் இருக்கிறது. பீட் நிலத்துக்குச் சக்கரத்தை விட்டு ரப்பர்ச் சங்கிலித் தடத்துக்குப் போகிறார்கள். கல் போட்ட சாலையில் ஏறியதும் குலைகள் சாதாரண லாரிக்கு மாறுகின்றன. அணைக்கு உள்ளேயே மூன்று தரைக்கு மூன்று விதம். தென்னை வைத்திருக்கும் சிறு நிலக்காரருக்கு இந்த வண்டிகள் எட்டாத விலை. அவர் பாரிட்டையும் தள்ளுவண்டியையும் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய கூடையையும் வைத்துக்கொண்டு, வாய்க்காலில் தண்ணீர் இருக்கும் வாரத்தில் காய் பறிக்கிறார்; தண்ணீர் வற்றித் தரை இறுகிய வாரத்தில் தள்ளுவண்டியை எடுக்கிறார்.